மரத்துக்கு மரம் ஒரு முழம்

செல்லியம்மாளைத் திருடி என்று நான் சொன்னது ஆடி மாதம் மூன்றாவது திங்கட்கிழமை, காலை ஏழரை மணிக்கு. நேரம் எப்படி ஞாபகம் இருக்கிறது என்றால், பால் வண்டி அப்போதுதான் வந்து நின்றது. வண்டியைச் சுற்றிப் பால் வாங்குகிற போசியும் கையுமாக ஏழெட்டுப் பேர். ஆள் இல்லாத இடத்தில் சொல்லித் தொலைத்திருந்தால் அவளும் நானும் மாறி மாறி நாலு வார்த்தை திட்டிக்கொண்டு, மத்தியானத்துக்குள் குழம்புக் கிண்ணத்தை நீட்டியிருப்போம். என் கெரகம், ஊர் முன்னால் சொன்னேன்.

என் பெயர் பெரியநாயகி. திருச்செங்கோட்டிலிருந்து பள்ளிபாளையம் போகிற வழியில், உள்ளே தள்ளி, ஒன்றரை ஏக்கர் மேட்டுக்காடு எனக்கு இருக்கிறது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் கிணறு வறண்டது. என் வீட்டுக்காரர் குமாரசாமி போர் போடுகிற ரிக் வண்டி ஓட்டுகிறவர். ஊர் ஊராகப் போய் அடுத்தவன் நிலத்தில் தண்ணீர் எடுத்துக் கொடுக்கிற மனுஷன், எங்கள் காட்டில் ஆயிரத்து இருநூறு அடி ஓட்டை போட்டும் புழுதியைத்தான் எடுத்தார். சரி, மரமாவது வளரட்டும் என்று மலைவேம்பு நட்டோம். பக்கத்துக் காட்டுக்காரி செல்லியம்மாளும் நட்டாள். இரண்டு பேருக்கும் ஒரே வேனில் நாற்று வந்தது. ஒரே நாளில் குழி எடுத்தோம். முதல் இரண்டு வருஷம் லாரித் தண்ணீரைப் பாதிப் பாதியாகப் பிரித்து ஊற்றினோம். நடுவில் ஒரு வரப்பு. வரப்புக்கு இந்தப் பக்கம் என் வரிசை, அந்தப் பக்கம் அவள் வரிசை. எல்லா மரமும் இப்போது நாற்பது அடிக்கு மேல் நிற்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை உச்சிப் பொழுதில் வரப்பில் நடந்து போனேன். தோப்புக்குள் எங்கே பார்த்தாலும் நிழல். வரப்பு மேல் மட்டும் வெயில் கோடு கிழித்த மாதிரி நீளமாக விழுந்திருந்தது. அண்ணாந்து பார்த்தேன். என் மரத் தலைக்கும் அவள் மரத் தலைக்கும் நடுவே ஒரு முழ அகலத்துக்கு வானம் தெரிந்தது. கடைசி வரைக்கும் அப்படியே. கத்தரிக்கோல் வைத்து வெட்டினாற்போல் இருந்தது. கீழே பச்சை நுனிகள் கொத்துக் கொத்தாகக் கிடந்தன. அவளுடைய வெள்ளாடுகள் அதைத் தின்றுகொண்டிருந்தன. போதாக்குறைக்குத் தழை இழுக்கிற அவளுடைய தொரட்டிக்கோல் என் மரத்தில் சாய்ந்து நின்றது. இதற்கு மேல் எனக்கு என்ன சாட்சி வேண்டும்?

பன்னிரண்டு அடிக் கோல் நாற்பது அடி உயரத்துக்கு எப்படி எட்டும் என்று ஒரு பேச்சுக்குக்கூட எனக்குத் தோன்றவில்லை. கோபம் மூக்குக்கு வந்துவிட்டால் எனக்குக் கண்ணும் தெரியாது, கணக்கும் வராது. இரவெல்லாம் பொருமிக்கொண்டு படுத்திருந்துவிட்டுக் காலையில் பால் வண்டியடியில் பிடித்தேன்.

“ஆடு வளக்கறதுக்கு என்ற மரத்த மொட்டையடிக்கறயா? நல்ல திருடி வந்து வாச்சா எனக்குப் பக்கத்துல!”

செல்லியம்மாள் திகைத்துவிட்டாள். என்னைவிட நாலு வயது சின்னவள். இருபது வருஷமாக என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். “என்னக்கா பேசறீங்க? உங்க மரத்துல நான் எதுக்குங்க கை வெக்கறேன்?”

“வெக்கலைன்னா கருப்பணார் கோயல்ல சூடம் அணைப்பியா?”

வாயை விட்டுப் போன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. சூடம் அணைப்பது எங்கள் ஊரில் விளையாட்டுக் காரியமில்லை. பழி சொன்னவர் முன்னால் சாமிக்குச் சூடம் ஏற்றுவார்கள். பழிக்கு ஆளானவர், நான் செய்யவில்லை என்று சொல்லி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். அணைத்தால் வழக்குத் தீர்ந்தது. கூடவே உறவும் தீர்ந்தது. அன்றோடு அந்த இரண்டு வீட்டுக்கும் அன்னந்தண்ணி புழக்கம் கிடையாது. கல்யாணத்துக்கும் போகக் கூடாது, சாவுக்கும் போகக் கூடாது. நேருக்கு நேர் வந்தால் தலையைக் குனிந்துகொண்டு போக வேண்டியதுதான். மீறினால் சாமி குத்தம்.

செல்லியம்மாள் போசியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் முகம் வெளுத்துப் போனதைப் பார்த்து, பார்த்தாயா, திருடிக்கு வேர்க்கிறது என்று நான் நினைத்தேன். கடைசியில் தலையை நிமிர்த்தி, “வெள்ளிக்கெழம அணைக்கறனுங்க” என்றாள். பாலை வாங்காமலே போய்விட்டாள்.

செவ்வாய், புதன், வியாழன். அந்த மூன்று நாளை என் எதிரிக்கும் கொடுக்க மாட்டேன். என் மகள் மோகனப்பிரியாவை ஓசூரில் கட்டிக்கொடுத்திருக்கிறது. வீட்டுக்காரர் வருஷத்தில் பத்து மாதம் சத்தீஸ்கர், ஒடிசா என்று ரிக்கோடு போய்விடுவார். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் எனக்கு டெங்கு வந்தபோது பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் என் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தவள் செல்லியம்மாள். என்னைக் குளிப்பாட்டி, தலை வாரி, கஞ்சி ஊட்டியவள். அவளை விட்டால் இந்த ஊரில் எனக்கு ஒரு வாய் பேச ஆள் கிடையாது. எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்து என்ன? ஏறின கொம்பிலிருந்து இறங்கத்தான் எனக்குத் தெரியாது. சோறு ஆக்கினேன், சாப்பிடப் பிடிக்கவில்லை. அவள் வீட்டுப் பக்கத்து ஜன்னலைச் சாத்தினேன், பத்து நிமிஷத்தில் நானே திறந்தேன்.

புதன்கிழமை கோயில் பூசாரி சென்னிமலை வீட்டுக்கே வந்துவிட்டார். உட்காராமல் வாசலில் நின்றுகொண்டு கேட்டார்.

“நெசமாலுமே இதப் பண்ணோணுமா அம்மிணி? அணைச்சதுக்கப்பறம் என்ற காலப் புடிச்சாலும் என்னால ஒண்ணும் பண்ண முடியாது.”

“பண்ணித்தான் ஆகோணுமுங்க” என்றேன். என் வாய்க்கு நல்ல நாள் ஏது?

“அப்ப வெள்ளிக்கெழம பத்து மணிக்கு வந்துரு. பத்தரைக்கு ராகு காலம்” என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டுக்காரர் போன் பண்ணினார். ஊர்க்காரன் எவனோ சத்தீஸ்கர் வரைக்கும் செய்தியைத் தாட்டி விட்டிருக்கிறான்.

“ஏம் புள்ள, நான் ஊருல இல்லாத நேரத்துல உனக்கு இதுதான் வேலையா? அந்தப் பொம்பள போயி மரத்த ஒடிக்குமா?”

“ஏனுங்க, கண்ணால பாத்தவ நானுங்க. வரப்பு பூராவும் ஒடிச்சிருக்கறா.”

“பாத்தியோ, நெனச்சியோ. கோயல்ல நாலு பேரு கேட்டா என்னத்தக் காட்டுவே? போட்டோவாச்சும் எடுத்து வெய்யி” என்று கடுகடுத்துவிட்டுப் போனை வைத்தார். அவர் எரிச்சலில் சொன்னார். நான் அதை நல்ல யோசனையாக எடுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்குக் குளித்து முடித்துப் போனை எடுத்துக்கொண்டு தோப்புக்குப் போனேன். நின்றுகொண்டு எடுத்தால் போட்டோவில் நாலு இலைதான் விழுந்தது. இடைவெளி மொத்தமும் விழ வேண்டும் என்றால் மல்லாக்கப் படுத்துத்தான் எடுக்க வேண்டும் போலிருந்தது. வரப்பில் படுக்கலாம் என்று பார்த்தால் வழி நெடுக நெருஞ்சி முள். கோயிலுக்குக் கட்டியிருந்ததோ நல்ல சேலை. சரி, கொஞ்சம் உள்ளே தள்ளிப் படுத்துப் பக்கவாட்டில் எடுக்கலாம் என்று என் மூன்றாவது வரிசைக்கு நடுவே ஒரு சாக்கை விரித்துப் படுத்தேன். ஒன்பது வருஷமாக அந்தத் தோப்புக்குள் நடக்கிறேன். ஒரு நாளும் அதில் படுத்து அண்ணாந்து பார்த்ததில்லை. போனை மேலே நீட்டினேன்.

திரையைப் பார்த்ததும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

நான் படுத்திருந்தது வரப்பிலிருந்து முப்பது அடி உள்ளே. தலைக்கு மேலே இருந்தது எல்லாம் என் மரம். என் மரத்துக்கும் என் மரத்துக்கும் நடுவே அதே ஒரு முழ வானம் தெரிந்தது! போனை இறக்கிவிட்டுக் கண்ணாலேயே பார்த்தேன். ஒவ்வொரு மரத்தின் தலையையும் சுற்றி ஒரு சந்து ஓடியது. ஒரு தலை இன்னொரு தலையைத் தொடவில்லை. ஒன்று உள்ளே வாங்கியிருந்தால் மற்றது அந்த அளவுக்கு வெளியே நீட்டியிருந்தது. நடுவில் மட்டும் அந்த ஒரு முழம் மாறவில்லை. யாரோ வானத்தில் வரப்புப் போட்டுப் பாத்தி பிரித்த மாதிரி இருந்தது. எழுந்து ஓடி ஐந்தாவது வரிசையில் படுத்துப் பார்த்தேன். அங்கேயும் அப்படித்தான். செல்லியம்மாள் தோப்புக்குள் பூந்து அங்கேயும் அண்ணாந்து பார்த்தேன். அவள் மரத்துக்கும் அவள் மரத்துக்கும் நடுவிலும் அதேதான். அவள் மரத்தை அவளே எதற்குச் சுற்றிச் சுற்றிக் கத்தரிக்கப் போகிறாள்?

வரப்பு மேல் விழுந்த வெயில் மட்டும் என் கண்ணில் பட்டதற்குக் காரணமும் இப்போது தெரிந்தது. வரப்பு ஒரே நேர்கோடு, இரண்டு பக்கமும் நூல் பிடித்த மாதிரி நட்டது. உள்ளே வெயில் துண்டு துண்டாக விழுந்து கீழே கிடந்த சருகில் காணாமல் போயிருந்தது.

அந்த நேரம் பார்த்து ஆடிக்காற்று ஒரு தூக்குத் தூக்கியது. மரமெல்லாம் மொத்தமாகச் சாய்ந்தது. மேலே தலையும் தலையும் மோதி டக் டக்கென்று சத்தம் கேட்டது. மோதின இடத்திலிருந்து ஒரு நுனிக் கொத்து கழன்று சுற்றிக்கொண்டே வந்து என் தோளில் விழுந்தது. எடுத்துப் பார்த்தேன். அரிவாள் பட்டிருந்தால் வெட்டு வழுவழு என்று இருக்கும். இது நார் நாராகப் பிய்ந்திருந்தது. ஆடு தின்றதும் இதைத்தான். நான் ஞாயிற்றுக்கிழமை பார்த்ததும் இதைத்தான். ஆடு மேய்க்க வந்தவள் தொரட்டிக்கோலைச் சும்மா சாய்த்து வைத்திருக்கிறாள்.

உடனே பூபதிக்குப் போன் போட்டேன். பூபதி, பள்ளிபாளையம் பக்கம் ஆலைகளுக்கு மரம் அளந்து எடுத்துக் கொடுக்கிற ஆள். வருஷா வருஷம் என் தோப்பையும் அளப்பான்.

“அட, அது எல்லாத் தோப்புலயும் அப்படித்தானுங்க” என்றான், இதெல்லாம் ஒரு கேள்வியா என்கிற குரலில். “ஒரே வயசு, ஒரே ஒசரம். காத்தடிச்சா ஒண்ணோட ஒண்ணு மோதி நுனி ஒடிஞ்சு போயிருமுங்க. அப்பறம் அந்தப் பக்கம் கெளை நீளாதுங்க. பக்கத்து மரத்து நெழலு பட்டாலும் ஒதுங்கிக்கும்னு சொல்றாங்க. அதது அதோட எடத்துல நின்னுக்கிட்டா எல்லாத்துக்கும் வெயில் கெடைக்குதில்லீங்க?”

“இத ஏன்டா இத்தன வருசமாச் சொல்லல?”

“நீங்க கேக்கலீங்களே! நாங்க அடிமரத்தத்தானுங்க அளக்கறோம். மேல ஆரு பாக்கறா?”

போனை வைத்ததும் எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. செல்லியம்மாள் திருடி இல்லை. என் செல்லியம்மாள் திருடி இல்லை! நான் சொன்னது பொய்யாகிப் போனதில் இவ்வளவு சந்தோஷம் வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் அவரை அடிக்கப் போயிருப்பேன். அப்புறம்தான் போனில் மணி பார்த்தேன். பத்தேகால்.

டிவிஎஸ் எக்ஸெல்லை எடுத்துக்கொண்டு பறந்தேன். ஒரு மைல் தூரம்தான். ஆனால் ஆடி வெள்ளி என்பதால் கோயில் வழியெல்லாம் கூழ் ஊற்றுகிற கூட்டம். ஹாரனை அமுக்கிய கையை எடுக்காமலே போனேன். எதிரில் வந்தவர்கள் எல்லாரும் திட்டினார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக நான் திருப்பித் திட்டவில்லை.

கோயிலில் முப்பது பேருக்கு மேல் நின்றார்கள். செல்லியம்மாள் தலைக்கு ஊற்றி, ஈரச் சேலையோடு கருப்பணார் முன்னால் நின்றாள். பழி சொன்னவளைக் காணோம், அப்புறம் பார்க்கலாம் என்று பூசாரி சொல்லியிருக்கிறார். இவள் கேட்கவில்லையாம். “அவீங்க வரலைன்னா என்னங்க, சாமி இருக்குதில்ல. ஏத்துங்க” என்றாளாம். நான் வண்டியைக் கீழே போட்டுவிட்டு உள்ளே ஓடியபோது கல் மேல் கட்டிச் சூடம் கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு கையை ஓங்கியிருந்தாள்.

பாய்ந்து போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

கூட்டம் ஹோ என்றது. “கைய உடு பெரியநாயகி! பாதியில நிறுத்துனா சாமி குத்தம்!” என்று பூசாரி கத்தினார்.

“விட மாட்டனுங்க. பழி சொன்னவ நான். நான் சொன்னது பொய்யின்னு நானே சொல்றேன். அப்பறம் இவ எதுக்கு அணைக்கோணும்?”

சென்னிமலை எரிகிற சூடத்தைப் பார்த்தார். வழக்கை நிறுத்த அவருக்கும் உள்ளுக்குள் ஆசைதான் என்று முகத்திலேயே தெரிந்தது. “அப்படின்னா ஏத்துன சூடம் தானா எரிஞ்சு தீரோணும். ஆருங்கையும் படக் கூடாது. அது தீர்ற வரைக்கும் என்ன தப்புப் பண்ணேன்னு நீ எல்லாத்துக்கும் கேக்கறாப்புல சொல்லோணும்.”

கட்டிச் சூடம் அவ்வளவு நேரம் எரியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அவள் கையை விடாமல் சொன்னேன். வரப்பு வெயிலில் ஆரம்பித்துப் பூபதி சொன்னது வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். பால் வண்டிக்காரன், “மரத்துக்கு மரம் ஒதுங்கி எடம் உடுதாக்கும்!” என்று கேலி பண்ணினான். சிரித்தார்கள். ஒரு கையால் போனை நீட்டினேன். கை மாறி மாறிப் போய், ஒவ்வொருவரும் திரையைப் பெரிசு பண்ணிப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் அடுத்தவரிடம் கொடுத்தார்கள். சூடம் இன்னும் எரிந்தது. சொல்ல வேறொன்றும் மிச்சமில்லை. “இவ திருடி இல்லீங்க. என்ற வாய்க்கொழுப்புங்க. ஆஸ்பத்திரியில என்னையக் கொழந்தையாட்டம் பாத்துக்கிட்டவள ஊரு முன்னால வெச்சுக் கேவலமாப் பேசிட்டனுங்க” என்றேன். அழுதுகொண்டே அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். ஒரு வழியாகச் சூடம் சிணுங்கி, நீலமாகி, தானாகவே நின்றது. பூசாரி இரண்டு பேர் நெற்றியிலும் திருநீறு பூசி, “வழக்கு இல்ல. ஊட்டுக்குப் போங்க” என்றார்.

செல்லியம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அப்படி ஒரு அழுகையை அவள் வீட்டுக்காரர் செத்த அன்றைக்கும் நான் பார்க்கவில்லை.

அவளை வண்டியில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு மெதுவாக வந்தேன். எனக்கு வண்டி ஓட்டுகிற மாதிரியே இல்லை. உடம்பு அவ்வளவு லேசாக இருந்தது. வழியில் போகிறவர்களுக்கெல்லாம் கும்பிடு போட்டேன். ஏரிக்கரைக்கு வந்ததும் பின்னாலிருந்து முதுகைத் தட்டினாள்.

“அக்கா, வண்டிய நிறுத்துங்க.”

நிறுத்தினேன். இறங்கி எனக்கு எதிரில் வந்து நின்றாள். என்னைப் பார்க்காமல் வண்டியின் ஹெட்லைட்டைப் பார்த்துப் பேசினாள்.

“பங்குனியில என்ற செனையாடு தீனி எடுக்காமக் கெடந்துச்சுங்க. மலைவேம்புத் தழை மட்டுந்தான் தின்னுச்சு. என்ற மரத்துல எட்டறாப்புலக் கெளை இல்ல. உங்க தோப்புல, உள்ளார, தாழக் கவட்டை உட்ட மரம் ஒண்ணு இருக்குதுங்களே…”

“ம்.”

“அதுல ரெண்டு கெளைய ஒடிச்சனுங்க.”

வண்டியை ஸ்டாண்டு போட்டு இறங்கினேன்.

“அணைக்காட்டித் திருடி. அணைச்சாப் பொய்ச் சத்தியம். என்ற மக சரிதா ஆறு மாசம் முழுகாம இருக்கறா. அவளுக்கு ஏதாச்சும் ஆயிட்டா நான் என்னக்கா பண்ணுவேன்? நாலு நாளாக் கண்ணு மூடலீங்க. ஊரு முன்னால ஒத்துக்கவும் வாய் வரல. நீங்க வந்து கையப் புடிச்சப்ப எனக்கு உசுரே திரும்பி வந்துச்சு.”

எனக்கு அந்தப் பழைய கோபம் அடிவயிற்றிலிருந்து கிளம்பியது. மூக்கு வரைக்கும் வந்தது. முப்பது பேர் முன்னால் அழ வைத்தாயே என்று கேட்க வாயைத் திறந்தேன். அவள் மணிக்கட்டில் நான் பிடித்த இடம் சிவந்து தடித்திருந்தது.

“ஏன் அம்மிணி, ரெண்டு கெளை. என்னைய ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே ஒடிச்சுக் குடுத்திருக்க மாட்டனா?”

செல்லியம்மாள் அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “குடுத்திருப்பீங்களா?”

நான் யோசித்தேன். கோயிலில் சொன்னதெல்லாம் இந்தப் பதிலோடு பார்த்தால் சுலபம்.

“குடுத்திருக்க மாட்டேன்” என்றேன்.

“அதாங்க கேக்கல” என்றாள். சொன்னவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் அடக்க முடியவில்லை. நடுரோட்டில் நெற்றி நிறையத் திருநீறோடு இரண்டு பைத்தியங்கள் சிரிப்பதைப் பார்த்துவிட்டு லாரிக்காரன் ஒருவன் ஹாரன் அடித்துக்கொண்டு போனான்.

“ஏறு வண்டியில” என்றேன். “இனிமேக் கேளு. திட்டிக்கிட்டே குடுக்கறேன்.”